பூவிருந்தவல்லிப் பாடசாலையும் யந்திரக் கல்வியும்

வகுப்பறைக்குள் யந்திரம் புகலாமா என்ற வாதம் நம் நாட்டில் சில காலமாக ஓயாமல் நடந்து வருகிறது. புகவேண்டும் என்பவர்கள் ஒளிவிடும் திரையைக் காட்டுகிறார்கள். கூடாது என்பவர்கள் உபாத்தியாயரின் குரலையும் கரும்பலகையையும் காட்டுகிறார்கள். இரு கட்சியாரும் கண்ணுள்ள பிள்ளைகளை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசுவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். இந்த வாதத்தைத் தீர்க்க விரும்புகிறவர் சென்னைக்கு மேற்கே ஒரு முறை சென்று வருவது நலம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், ஆவடி டாங்கிகளுக்கும் பேர்போனவை. அவற்றுக்கு அடுத்திருக்கும் பூவிருந்தவல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான சர்க்கார் மேல்நிலைப் பாடசாலை இருக்கிறது. பார்வையற்றோர் நலனுக்கான தேசிய நிறுவனத்தின் பிராந்திய நிலையமும் அவ்வூரிலேயே அமைந்திருக்கிறது. பிரெயில் எழுத்தில் புத்தகம் அச்சிடும் அச்சகமும் அங்கு உண்டு. வகுப்பறையில் யந்திரம் ஆடம்பரமா, அத்தியாவசியமா என்ற கேள்விக்கு அங்கே இரண்டு விடைகள் இல்லை.

யந்திரக் கல்விக்காகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் செய்துள்ள செலவு சொற்பமன்று. 2011 செப்டம்பர் 15இல், ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான், மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2018இல் வெளிவந்த புதிய பாடப் புத்தகங்களில், கைப்பேசியைக் காட்டினால் படமும் பாடமும் திறக்கும் சதுரக் குறிகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. அடுத்த ஆண்டு கொள்ளை நோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அது பல வீடுகளுக்கு வாத்தியாராக இருந்தது. பின்னர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பாடசாலைகளில் கணிப்பொறிக் கூடங்களும், இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆரம்ப வகுப்புகளில் ஸ்மார்ட் வகுப்பறைகளும் அமைக்கப்பட்டன. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஏழைக் குடியானவன் மகனும் ஆலைத் தொழிலாளி மகளும் திரையில் இதயம் துடிப்பதைக் கண்டு பாடம் படிப்பது நாட்டுக்கு நன்மையே. கட்சி மாறி ஆட்சி மாறியும் இம்முயற்சி அடியோடு கைவிடப்படாதது நமது அரசியலில் அபூர்வமான நல்ல சகுனம்.

ஆனால் இவற்றில் எது பூவிருந்தவல்லிப் பிள்ளைக்கு? சதுரக் குறி புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று அவன் விரல் அறியாது. தொலைக்காட்சி உபாத்தியாயர், 'இதோ இந்தப் படத்தைப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு மௌனமாகக் கோடு போட்டால், அந்த மௌனமே அவனுக்குக் கிடைத்த பாடம். எல்லாம் கண்ணுக்கு உரியவை. நல்ல கண்ணும் நல்ல உபாத்தியாயரும் உள்ள பிள்ளை, யந்திரம் இல்லாமலும் ஒருவாறு கற்றுவிடுவான். அவனுக்கு யந்திரம் உபகாரம். பார்வையற்ற பிள்ளைக்கோ யந்திரமே புத்தகம், அதுவே பேனா, அதுவே பலகை. முதற் பந்தி யாருக்கு இடவேண்டும் என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

பார்வையற்றோர் கல்வியின் சரித்திரமே கருவிகளின் சரித்திரம்தான். லூயி பிரெயில் என்ற பிரெஞ்சுச் சிறுவன் தந்தையின் தோல் வேலைக் கூடத்தில் ஊசிக் கருவி பட்டு மூன்றாம் வயதில் கண்ணிழந்தான். சார்ல்ஸ் பார்பியே என்பவர் வகுத்திருந்த பன்னிரண்டு புள்ளி முறையைச் சுருக்கி, ஒரே விரல் நுனியில் அடங்கும்படி ஆறு புள்ளிகளாக்கி, 1824இல் தம் பதினைந்தாம் வயதில் அவர் ஒரு லிபியை அமைத்தார். ஆறு புள்ளிகளிலிருந்து அறுபத்துமூன்று வடிவங்கள் பிறக்கும். எழுத்து, எண், நிறுத்தக் குறி, சங்கீதம் எல்லாவற்றையும் அவற்றுக்குள் அடக்கலாம். அவர் படித்துப் பின்பு கற்பித்த பாரிஸ் பாடசாலையே அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்து 1854இல்தான் அதை முறையாக ஏற்றுக்கொண்டது. பார்வையுள்ளவர் கண்ணுக்கு எளிதாகத் தோன்றும் எழுத்தே பார்வையற்றவர் விரலுக்கும் எளிது என்று அக்காலத்துப் பெரியோர்கள் நினைத்தார்கள். கற்கிறவனைக் கேட்காமல் கல்விக் கருவியை முடிவு செய்யும் அந்த வழக்கம் பாரிஸோடு ஒழிந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

தமிழகத்தில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குப் பாடசாலை தொடங்கினார். அதன்பின் நெடுங்காலம் இந்தியாவின் பற்பல பகுதிகளில் பற்பல பிரெயில் முறைகள் வழங்கின. சுதந்திரம் பெற்றபின், 1951இல், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்பட்டது. பாரதி என்பது இங்கே நமது கவியின் பெயரன்று, பாரத நாட்டுக்குரியது என்ற பொருள். தமிழ்க் ககரத்துக்கும், இந்திக் ககரத்துக்கும், வங்கக் ககரத்துக்கும் அதில் புள்ளிகள் ஒன்றே. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. மெய்யும் உயிரும் அடுத்தடுத்து நின்று உயிர்மெய்யாகிவிடும். புள்ளி வைத்த மெய்யானால் அதற்குரிய அடையாளம் எழுத்துக்கு முன்னால் வரும். பொது லிபி வேண்டுமா என்று கண்ணுள்ள நாம் மேடைதோறும் வாதாடிக்கொண்டிருக்க, கண்ணில்லாத நம் சகோதரர்கள், எந்த மொழியின் தனித்தன்மையும் கெடாமல், சந்தடியின்றி அக்காரியத்தை முடித்துவிட்டார்கள்.

இந்த எழுத்தை எழுதும் பழைய கருவி இன்றும் நமது பாடசாலைகளில் வழங்குகிறது. தாளை இரு தகடுகளுக்கிடையே வைத்து, சிறு கட்டங்களின் வழியே கூரிய கம்பியால் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். புள்ளி தாளின் மறுபுறத்தில்தான் எழும்பும். ஆகையால் எழுதுவது வலமிருந்து இடமாக. தாளைத் திருப்பிப் போட்டுப் படிப்பது இடமிருந்து வலமாக. ஒவ்வோர் எழுத்தையும் ஆறு வயதுக் குழந்தை கண்ணாடியில் தெரிவது போல் தலைகீழாக நினைத்துக் குத்த வேண்டும். பிழை நேர்ந்தால் புள்ளியை நகத்தால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். 1951இல் வெளிவந்த பெர்க்கின்ஸ் தட்டெழுத்து யந்திரம் இந்தத் தொல்லையை நீக்கியது. ஆறு விசைகள் ஆறு புள்ளிகளுக்கு. எழுதியதை எழுதிய கணமே விரலால் தடவிப் படிக்கலாம். அந்த யந்திரத்தை நம் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தார் செய்கிறார்கள் என்பது நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரெயில் புத்தகமோ பருமனில் பெரியது. கெட்டித் தாள், பெரிய எழுத்து, இரு புறமும் புடைப்பு. கண்ணுள்ள மாணவன் பையில் ஒரு புத்தகமாகச் செல்லும் சரித்திர பாடம் இவனுக்குப் பல பாகங்களாகி அலமாரியை நிரப்பிவிடும். அச்சிடவும் தைக்கவும் அனுப்பவும் காலம் செல்லும். கணிப்பொறியின் பெரு நன்மை இங்கேதான் விளங்குகிறது. ஒரு முறை சரியாக எழுத்திலேற்றப்பட்ட பாடம், பிரெயில் அச்சு யந்திரத்துக்கும் போகும்; புள்ளிகள் எழுந்தும் தணிந்தும் வரி வரியாக மாறும் மின் பிரெயில் பலகைக்கும் போகும்; குரலாக ஒலிக்கவும் செய்யும்; பார்வை மங்கிய பிள்ளைக்குப் பெரிய எழுத்தாகவும் விரியும். திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்கள் ஒரு காலத்தில் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தன. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், அவரைப் போன்றே பார்வையற்ற ஜேம்ஸ் டே என்பவருடன் சேர்ந்து, என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை உருவாக்கி, உலகோர் யாவருக்கும் இலவசமாக அளித்தார். அது தமிழையும் வாசிக்கிறது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன், இத்தகைய கருவிகளின் துணையால் படித்து, 2015இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் அமர்ந்த முதல் முழுப் பார்வையற்ற அதிகாரியானார். தூதராலய மேஜை வரையில் ஒருவரை அழைத்துச் செல்லக்கூடிய கருவி, பூவிருந்தவல்லி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கெட்டும் இடத்திலும் இருக்க வேண்டாமா?

இவ்விடத்தில் புதிதாகப் புறப்பட்டிருக்கும் ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கைப்பேசியே பேசுகிறது, கணிப்பொறியே படிக்கிறது, இனிப் பிரெயில் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். படித்தவர்களிடமிருந்தே இது வருவது வியப்பாயிருக்கிறது. வானொலி வந்துவிட்டது, ஆகையால் கண்ணுள்ள பிள்ளைகளுக்கு அரிச்சுவடி வேண்டாம் என்று யாரேனும் சொன்னால் நாம் பொறுப்போமா? கேட்பது வேறு, படிப்பது வேறு. அதிலும் தமிழில் இது உயிர்நிலையான விஷயம். ரகரமும் றகரமும் இன்றைய பேச்சில் அநேகமாக ஒன்றாகிவிட்டன. ந, ன இரண்டும் காதுக்கு வேறல்ல. அரமா, அறமா? பரவையா, பறவையா? கரியா, கறியா? யந்திரத்தின் குரல் எவ்வளவு இனிமையாயினும், இவ்வேற்றுமையைக் காது வழியாக மட்டும் ஒரு குழந்தை பெற முடியாது. விரல் பெறும், ஏனெனில் ரகரத்துக்குப் புள்ளிகள் வேறு, றகரத்துக்கு வேறு. பிரெயில் கற்காமல் குரலை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை நிறையத் தெரிந்தவனாகலாம், எழுத்தறிந்தவனாக மாட்டான். ஒரு விண்ணப்பம் எழுதும்போதும், ஓர் உத்தியோகப் பரீட்சையிலும் அந்தக் குறை அவனைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தறிவைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம் மரபு. அவனுக்கு வாய்க்கக்கூடிய அந்தக் கண்ணையும் சிக்கனத்தின் பெயரால் பறிப்பது கொடுமையிலும் கொடுமை. குரலும் புள்ளியும் இரண்டும் வேண்டும். காலையில் பிரெயில், மாலையில் கணிப்பொறி என்று இரண்டும் ஒரே கையில் பழக வேண்டும்.

மென்பொருள் இலவசம், குரல் இருக்கிறது, பிரெயில் யந்திரம் காட்பாடியில் இருக்கிறது. பின் தடை எங்கே? தடையில் பாதி நமது அச்சுக்கூடங்களில் இருக்கிறது. தமிழுக்கு உலகப் பொது எழுத்துக் குறியேற்றமாகிய யூனிகோட் 1991இலேயே ஏற்பட்டது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டுச் சர்க்காரும் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் இன்றும் பல தமிழ் நூல்களும் அறிக்கைகளும் பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்டு, அச்சுக்கு உரிய வடிவிலேயே இணையத்திலும் ஏற்றப்படுகின்றன. கண்ணுக்கு அவை அழகிய தமிழ். கணிப்பொறிக்கு அவை ஆங்கில எழுத்துக்களின் அர்த்தமற்ற குவியல். திரைவாசிப்பான் அதைப் படிக்கத் தொடங்கினால் கேட்கிற பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டும். வேறு சில, பக்கங்களைப் புகைப்படம் பிடித்துச் சேர்த்தவை. அவற்றில் யந்திரம் ஒன்றுமே காணாது, வெறும் வெள்ளைத்தாள் என்றே எண்ணும். இதைத் திருத்தக் கோடிகள் வேண்டாம். பாடநூல் அச்சுக்குப் போகும் நாளில் அதன் மூலப்பிரதியை யூனிகோடில் ஒன்று பூவிருந்தவல்லிக்கு அனுப்பவேண்டும் என்ற ஓர் உத்தரவு போதும். அந்த உத்தரவை நிறைவேற்றும் ஓர் அதிகாரி போதும். இரண்டாவதுதான் நம் நாட்டில் அரிது.

கணிதமும் விஞ்ஞானமும் இதைவிடப் பெரிய விஷயம். பார்வையற்ற மாணவர் மேல்நிலை வகுப்பை எட்டியதும் பெரும்பாலும் சரித்திரம் முதலிய கலைப் பிரிவுக்கே அனுப்பப்படுகிறார்கள். அது அவர்களது விருப்பமாயின் ஆட்சேபமில்லை. வேறு வழியில்லாமையால் நேர்வதாயின், அது விருப்பமன்று, விதியுமன்று, நமது அலட்சியம். நிக்கலஸ் சாண்டர்சன் என்ற ஆங்கிலேயர் குழந்தைப் பருவத்திலேயே அம்மையால் கண்ணிழந்தவர்; 1711இல் கேம்பிரிட்ஜில், முன்பு ஸர் ஐஸக் நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பீடத்தில் அமர்ந்தார். பலகையில் ஊசி குத்தி விரலால் கணக்கிடும் முறையை அவரே அமைத்துக்கொண்டார். எட்டு மூலைத் துளைகளில் உலோக அச்சுகளைத் திருப்பி வைத்து எண்ணைக் காட்டும் டெய்லர் பலகை இன்றும் நம் பாடசாலைகளில் உள்ளது. ஏபிரகாம் நெமெத் என்ற பார்வையற்ற அமெரிக்கக் கணித அறிஞர் உயர் கணிதம் முழுவதையும் பிரெயிலில் எழுதும் முறையை 1952இல் வெளியிட்டார். நம் நாட்டில் கார்த்திக் சாஹ்னி என்ற டில்லி இளைஞர், போராடி அனுமதி பெற்று விஞ்ஞானப் பிரிவில் படித்து, 2013இல் மத்தியக் கல்வி வாரியப் பரீட்சையில் 96 சதவிகித மதிப்பெண் பெற்றார். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் நுழைவுத் தேர்வுக்கு வழி கிடைக்காமல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலைக்குச் சென்றார். நம் கதவு மூடியிருந்தது, அந்நியன் கதவு திறந்திருந்தது என்று எழுதும்போது எழுதுகோல் கூசுகிறது. மலையின் உயரமும், முக்கோணத்தின் கோணமும், இதயத்தின் அறைகளும் புடைப்புப் படமாக விரலில் படும்படி செய்யும் யந்திரங்கள் இன்று உண்டு. முப்பரிமாண அச்சு யந்திரத்தில் தமிழகத்தின் வரைபடத்தை, மேற்குத் தொடர்ச்சி மலை கையில் தடுக்கும்படி, வார்த்தெடுக்கலாம். இவை வகுப்பறைக்கு வந்தால் எத்தனை சாண்டர்சன்கள் பூவிருந்தவல்லியில் இருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வையற்ற மாணவர் விடையைச் சொல்ல, வேறொருவர் எழுதுவது வழக்கம். கூடுதல் நேரமும் தரப்படுகிறது. ஆனால் சொல்கிறவன் நினைத்த றகரம் எழுதுகிறவன் கையில் ரகரமானால் யார் பொறுப்பு? கணக்கின் நடுவரியை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் எழுதுகிறவரின் பொறுமையை வேண்டி நிற்க வேண்டும். மத்திய சர்க்கார் 2018இல் வெளியிட்ட பரீட்சை விதிமுறைகள், பிரெயிலிலோ கணிப்பொறியிலோ தாமே விடையெழுதும் உரிமையையும் கூறுகின்றன. தினமும் கணிப்பொறியில் எழுதிப் பழகிய பிள்ளைக்கே அந்த உரிமையால் பயன். பழக்காமல் உரிமையை மட்டும் காகிதத்தில் கொடுப்பது, நீந்தக் கற்பிக்காமல் ஏரியைத் தானம் செய்தது போலாகும்.

சட்டத்தில் நமக்குக் குறைவொன்றும் இல்லை. பதினெட்டு வயது வரையில் மாற்றுத்திறனுடைய மாணவர்களுக்குப் புத்தகமும் உரிய உதவிக் கருவிகளும் இலவசமாக அளிக்கப்பட வேண்டும் என்று 2016ஆம் வருஷச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. எந்த நூலையும் பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு மாற்றலாம் என்று பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அதே நோக்கத்துடன் மராக்கேஷ் நகரில் 2013இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையை, உலக நாடுகளுள் முதலாவதாக உறுதி செய்தது இந்தியாதான், 2014இல். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 2025 ஏப்ரல் 30இல் சுப்ரீம் கோர்ட்டு, மின்னணுச் சேவைகளை எல்லோரும் அணுகக்கூடியதாக்குவது உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. டில்லியில் இத்தனை நடந்திருக்கிறது. ஆறு புள்ளிகளாக அது பூவிருந்தவல்லி மாணவனின் மேஜைக்கு வந்து சேரும் தூரம்தான் பாக்கி.

தொகை கொஞ்சம், பிள்ளைகள் சிலர், செலவோ தலைக்கு அதிகம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. சோஷலிஸ மாதிரிச் சமுதாயம் அமைப்பதாகக் காங்கிரஸ் மகாசபை 1955 ஜனவரியில் தீர்மானம் செய்தது இதே ஆவடியில்தான். அச்சொல்லுக்கு அர்த்தம், தலையெண்ணிப் பங்கு வைப்பதா, தேவையறிந்து பங்கு வைப்பதா? தருமத்தை விட்டு வியாபாரமாகவே பேசினாலும், இந்தக் கணக்குத் தப்பு. தட்டெழுத்து யந்திரத்தின் ஆதி மாதிரிகளில் ஒன்றை இத்தாலியில் பெல்லெகிரினோ டுர்ரி என்பவர் சுமார் 1808இல் செய்தது, கண் தெரியாத ஒரு சீமாட்டி கடிதம் எழுதுவதற்காக. நீண்ட நேரம் பாடும் இசைத்தட்டு கடைக்கு வந்தது 1948இல். அமெரிக்கப் பார்வையற்றோர் அத்தகைய தட்டுகளில் 1930களிலேயே புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அச்செழுத்தைப் பார்த்து உரக்கப் படிக்கும் யந்திரத்தை ரேமண்ட் கர்ஸ்வெயில் 1976இல் பார்வையற்றோருக்காகவே செய்தார்; இன்று உலகத்துக் காரியாலயங்கள் எல்லாம் அவ்வித்தையைப் பயன்படுத்துகின்றன. பார்வையற்றவனுக்காகத் தோண்டிய கிணற்றில் ஊரெல்லாம் தண்ணீர் எடுத்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் கண்ணுள்ள பிள்ளைக்கும், பாடத்தைக் குரலும் எழுத்துமாகச் சேர்த்துத் தரும் அதே கோப்பு துணையாகும்.

நமது தேசாபிமானிகள் சிந்திக்க வேண்டிய மற்றொரு விஷயம் சுதேசியம். மின் பிரெயில் பலகைகள் நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தன. விலையும் லட்சக் கணக்கில் இருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் தூக்கி இறக்கும் நுண்ணிய பொறியமைப்பில்தான் அந்த விலை. டில்லித் தொழில்நுட்பக் கழகத்தார் பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கோலை 2014இலும், பிரெயில் மடிக்கணினியை 2019இலும் வெளியிட்டார்கள். பெங்களூரில் இளைஞர் சிலர், குழந்தை தானே பிரெயில் பழகுவதற்கான 'ஆனி' என்ற கருவியைச் செய்தார்கள். தமிழ்க் குரல் யந்திரத்தில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் ஹேமா மூர்த்தி அம்மையார் குழுவினரும், அச்சுத் தமிழைக் கணிப்பொறி படித்தறியும் வித்தையில் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். பூவிருந்தவல்லிக்குக் கூப்பிடு தூரத்தில் அம்பத்தூர் இருக்கிறது. தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளில் மயிரிழை அளவுக்கு உலோகம் செதுக்கத் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆவடியில் 1965 முதல் டாங்கி செய்கிறோம். பூவிருந்தவல்லிப் பணிமனையிலேயே 2024இல் ஓட்டுநரில்லாத மெட்ரோ ரயிலை ஓட்டிச் சோதித்தோம். ஓட்டுநரின்றி ரயிலை ஓட்டும் ஊர், ஆறு புள்ளிகளைத் தூக்கி இறக்கும் பலகையைக் கடல் கடந்து வாங்க வேண்டுமா? அம்பத்தூர் முதலாளிகள் சங்கங்கள் இதை ஒரு பந்தயமாக எடுத்துக்கொள்ளலாம். குறைந்தது, பழுதான யந்திரத்தைச் சீர்செய்யவாவது மாதம் ஒரு மிஸ்திரியைப் பாடசாலைக்கு அனுப்பலாம். நல்ல யந்திரங்கள் ஒரு திருகாணி இல்லாமல் அலமாரியில் உறங்குவது நமது பொது ஸ்தாபனங்களில் கண்கண்ட காட்சி.

உபாத்தியாயரை மறந்துவிட்டுப் பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். பிரெயில் விரைவாகப் படிக்கவும், திரைவாசிப்பானை இயக்கவும், புடைப்புப் படத்தை விளக்கவும் தெரிந்த உபாத்தியாயர் இல்லாத இடத்தில் மேற்சொன்னவை எல்லாம் இரும்புச் சரக்கே. பார்வையற்றோரில் படித்தவர்களையே இவ்வேலைக்கு மிகுதியாக எடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கருவி எந்த இடத்தில் கைவிடும் என்பதை அதைக் கொண்டு வாழ்கிறவரே அறிவார். சாதாரணப் பாடசாலைகளில் கண்ணுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளும் ஜில்லாதோறும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் தலைகாட்டும் விசேஷ ஆசிரியரால் அவர்களுடைய பசி தீராது. பூவிருந்தவல்லியிலிருந்து அவர்களுக்கும் கோப்புகள் போகவேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திராமல் இளைஞர்களே தொடங்கத்தக்க வேலையும் ஒன்றிருக்கிறது. பாரதியாரின் நூல்களைச் சென்னைச் சர்க்கார் 1949இல் பொதுவுடைமையாக்கியது. அதன்பின் பல அறிஞர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. அவற்றில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மூலம் விக்கிமூலம் என்ற பொது நூலகத்தில் ஏறியுள்ளன. யந்திரம் படித்தெடுத்த அப்பக்கங்களில் பிழைகள் மலிந்திருக்கின்றன. தன்னார்வத் தொண்டர் சிலர் பக்கம் பக்கமாகத் திருத்தி வருகிறார்கள். திருத்தப்பட்ட ஒவ்வொரு பக்கமும் அன்றே பிரெயிலாகவும் குரலாகவும் மாறத் தகுதி பெறுகிறது. இதற்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். தமிழ் தெரிந்த இரண்டு கண்களும் மாலையில் அரைமணி நேரமும் போதும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் உள்ள வாசகசாலைகளும் இளைஞர் மன்றங்களும் ஆளுக்கு ஒரு புத்தகமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஜூன் மாதம் பாடசாலை திறக்கும் அன்று கண்ணுள்ள பிள்ளைகளுக்கு மந்திரிகளின் கையால் புத்தகம் வழங்கப்படுகிறது. பத்திரிகைகளில் படமும் வருகிறது. அதே நாளில், அதே நேரத்தில், பூவிருந்தவல்லியில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ்வாண்டுக்குரிய பாடம் அனைத்தும் பிரெயிலிலும் கோப்பிலும் கிடைத்ததா என்பதைக் கல்வி மந்திரி சட்டசபையில் ஆண்டுதோறும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் தொகுதிகளின் அங்கத்தினர்கள், எக்கட்சியினராயினும், இக்கேள்வியை அடுத்த கூட்டத்திலேயே எழுப்புவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.